பெட்டியில் வந்த சாப்பாடு

பனிக்காலம் வந்தால் என் வலது கைப் பெருவிரல் மடங்காது. எண்ணெய் தேய்த்துப் பார்த்தேன், சுடுதண்ணீரில் வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை. சின்ன வயதில் மன்னாரில் கருவாட்டு வாடியில் மீன் வெட்டிய கை. இங்கே கனடாவுக்கு வந்து கோழித் தொழிற்சாலையின் குளிர் அறைக்குள் நின்று எலும்பு பிரித்த கை. இந்தக் கையை முதலில் விளங்கிக்கொள்ளுங்கோ பிள்ளை, மிச்சம் தானாக விளங்கும். நான் சொல்கிறபடியே அந்தப் பொலிஸ் ஆபீசருக்கு இங்கிலீசில் சொன்னால் போதும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மகள் ஸ்டெபனி படிக்க ஒட்டாவாவுக்குப் போகும்போது தன்னுடைய இரண்டு ஃபெரட்டுகளையும் என்னிடம் விட்டுப்போனாள். ஃபெரட் கீரி மாதிரி. நீட்டு உடம்பு, குட்டைக் கால், ஊசிப் பல்லு, ஒரு வெடுக்கு மணம். பிஸ்கற், நூடில் என்று பேர் வைத்திருந்தாள்.

“அம்மா, அதுகளுக்குப் பச்சை இறைச்சிதான். எலும்பு, ஈரல், ஹார்ட் எல்லாம் மிக்ஸ் பண்ணிக் குடுக்க வேணும். ட்ரை ஃபூட் வேண்டாம், ப்ளீஸ்.”

“ஏன், பிள்ளைப்பெத்த வீடு மாதிரிப் பத்தியக் கறியும் வைக்கட்டோ?”

“அம்மா! ஐ அம் சீரியஸ்.”

முதலில் கோழிக் கழுத்து வாங்கி நானே கொத்தினேன். விரல் விடவில்லை. பிறகு மார்க்கம் என்கிற ஊரில் ஒரு கடையில், ஃபெரட்டுக்கென்றே விற்கிற அந்தப் பெட்டியைக் கண்டேன். எல்லாம் அரைத்து, அளவாகக் கலந்து, கட்டி கட்டியாக உறைய வைத்தது. இளக விட்டுக் கோப்பையில் போட்டால் வேலை முடிஞ்சுது. நான் இறைச்சிக்குள் நின்று வளர்ந்தவள், பார்த்தால் தெரியும். கழிவு இல்லை, நாற்றம் இல்லை. நல்ல சாமான்.

அரைத்த சாப்பாடு தேவைப்பட்ட இன்னொருவரும் வீட்டில் இருந்தார், றிச்சர்ட் அண்ணை. என் கூடப்பிறந்தவர். பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு இல்லை. இடது கை மட்டும் வேலை செய்தது. வீடுகளுக்குக் கூரை அடித்த கை, பிடித்தால் விடாது. அஜின்கோர்ட்டில் நாங்கள் இருக்கிற வீடு அவருடையது. என் மனிசன் லொறியோடு கிழமைக்கணக்கில் அமெரிக்காப் பக்கம். ஆகவே அண்ணையை நான்தான் பார்த்தேன்.

நேர்ஸ் கிழமைக்கு ஒருதரம் வந்து அவரை நிறுப்பா. நிறை இறங்கிக்கொண்டு வந்தது. இப்படியே போனால் முதியோர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டி வரும் என்று சொன்னா. அண்ணையின் மகன் அன்ட்ரூ விட்பியில் இருந்து போன் எடுத்தான்.

“மாமி, அப்பா ஹோமுக்குப் போனால் நான் வீட்டை விக்கத்தான் வேணும். நீங்கள் வேற இடம் பாத்து வையுங்கோ.”

எனக்குப் பயம் பிடித்தது. அதையும் சொல்லுங்கோ பிள்ளை. தராசில் அண்ணையை ஏற்றுகிற ஒவ்வொரு முறையும் நான் கிட்டப் போய் நிறையைப் பார்த்தேன். இந்த வயதில் நான் யாருடைய பேஸ்மென்றுக்குப் போவது?

அதனால்தான் அந்தக் கட்டியில் ஒன்றை எடுத்து மஞ்சளும் மிளகும் போட்டு அவித்து அண்ணைக்குக் கொடுத்தேன். அதில் சத்து இருந்தது, அரைத்தும் இருந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். எலும்புத் தூள் பல்லில் நறநறத்திருக்கும். மேசையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். அதில் ஃபெரட்டின் படம் போட்டிருக்கும். அதன் பிறகு வாயை இறுக்கிக்கொண்டார்.

அண்ணைக்கு அந்தச் சீவன்களைக் கண்டால் உயிர் போய் உயிர் வரும். ஒருநாள் நூடில் கட்டிலில் ஏறி அவருடைய நெஞ்சில் போய் இருந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டு கழுத்துக்கு வந்தது. அண்ணை கத்தப் பார்த்தார். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்தது. இறைச்சிக் கரண்டி என் கையில் இருந்தது. திறந்த வாய்க்குள் வைத்தேன். நீங்களாக இருந்தாலும் வைத்திருப்பீர்கள்.

பிறகு ஒவ்வொரு சாப்பாட்டு நேரமும் நூடிலைத் தூக்கிக்கொண்டு போனேன். காலடிச் சத்தம் கேட்டதுமே அண்ணையின் கண் கதவுக்கு வந்துவிடும். ஆனால் நிறை ஏறியது. நேர்ஸ் என் தோளைத் தட்டி, உங்களைப் போல ஒரு சகோதரி கிடைக்க அவர் குடுத்து வைத்தவர் என்றா. நாளாக நாளாக அவிக்கிறதையும் விட்டேன். மைக்ரோவேவில் ஒரு சூடு காட்டினால் காணும்.

தவக்காலம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இறைச்சி இல்லை. அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன். அன்றைக்கு மட்டும் விளைமீன் அவித்து, முள் எடுத்து, சோற்றோடும் தேங்காய்ப்பால் சொதியோடும் குழைத்துக் கொடுத்தேன். நூடில் தேவைப்படவில்லை. அண்ணை தானாக வாய் திறந்தார், கோப்பை காலியாகும் வரைக்கும். அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது. சொதியில் பச்சைமிளகாய் கூடிவிட்டதாக்கும் என்று நினைத்தேன்.

ஓம், ஆபீசர் கேட்கிறது சரி. மீன் என்றால் சாப்பிடுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் சனிக்கிழமை திரும்பவும் பெட்டியைத் திறந்தேன். மீனுக்கு முள் எடுக்க வேண்டும், பிள்ளை. ஒவ்வொரு நேரமும் யார் எடுக்கிறது?

அன்றைக்குக் காலமை நேர்ஸ் வரப்போகிறா. தராசுக்கு முன்னம் அண்ணையின் வயிற்றுக்குள் ஏதாவது போக வேண்டும் என்று அவதிப்பட்டேன். கட்டி முழுதாக இளகவில்லை. நடுவில் ஐஸ் இருந்தது, கரண்டியால் குத்தும்போதே தெரிந்தது. நூடிலை நெஞ்சில் விட்டேன். வாய் திறந்தது. வைத்தேன்.

அந்தத் துண்டு தொண்டையில் இறுகிவிட்டது. அண்ணையின் முகம் கறுத்தது. அதோடு அவருடைய இடது கை நூடிலைப் பிடித்துவிட்டது. அது கீச்சென்று கத்தியது. நான் குனிந்து அண்ணையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினேன்.

முதுகில் தட்டியிருக்கலாம். வாய்க்குள் விரலை விட்டு எடுத்திருக்கலாம். போன் கட்டில் தலைமாட்டில்தான் கிடந்தது. அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் விரல்களைப் பிரித்தேன். கை தளர்ந்தபோது அண்ணையும் நூடிலும் இரண்டு பேருமே போயிருந்தார்கள். பிறகு கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அன்ட்ரூவுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று ஆபீசர் கேட்கிறார். என்ன சொல்ல? படுக்கையில் கிடந்த வருத்தக்காரன், என்றைக்கோ ஒருநாள் போகிற உயிர். அண்ணையை நான் பட்டினி போடவில்லை, தராசைக் கேட்டால் சொல்லும். ஆனால் ஸ்டெபனியின் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தால்தான் நித்திரை வரவில்லை. என்னை நம்பி இரண்டைத் தந்துவிட்டுப் போனாள், ஒன்றுதான் மிச்சம். அந்தப் பிள்ளைக்கு நான் ஒரு ஃபெரட் கடன்.