பத்து கூட்டவா, பத்து குறைக்கவா?

பழைய வண்டிக்காரர் சங்கத்தின் தலைவர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே! முற்றத்தில் வரிசையாக நின்று சன்னல் வழியே நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், என்னைவிட மும்மடங்கு வயதான வண்டிகளே! அந்த வண்டிகள் நடுவழியில் நின்றபோதெல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கித் தள்ளிய தாய்மார்களே! ஒரு வார்த்தை பேசாமல் என்று நான் சொன்னது மரியாதைக்காக. என்னென்ன பேசினீர்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் அம்மாவின் பக்கத்தில் நின்று நானும் தள்ளியிருக்கிறேன். உங்கள் எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

"பழைய எஞ்சினுக்குப் புது மூளை வெச்ச கதையைச் சொல்லும்மா. பயப்படாத, இங்க எல்லாரும் உன் வீட்டு ஆளுங்கதான்" என்று தலைவர் சொன்னார். ஐயா, அதுதானே என் பயம்! என் வீட்டு ஆட்கள் இருவர் இந்த அவையில் இருக்கிறார்கள். இடது ஓரத்து நாற்காலியில் என் அப்பா. வலது ஓரத்து நாற்காலியில் என் அத்தை, அப்பாவின் அக்கா. நடுவில் நீங்கள் இத்தனை பேர். எங்கள் வண்டிக்கு வெளியே, இதைவிட நெருக்கமாக அவர்கள் உட்கார்ந்து வெகுகாலம் ஆகிறது. இந்தப் பேச்சை நான் போர்வைக்குள் ஒளித்து எழுதினேன். இருவரில் யாருக்கும் காட்டவில்லை.

முற்றத்தில் மூன்றாவதாக நிற்கும் சாம்பல் நிற வண்டிதான் எங்களுடையது. தாத்தா வாங்கியது, தாத்தா ஓட்டியது, தாத்தா தன் பிள்ளைகள் இருவருக்கும் பொதுவாக விட்டுப் போனது. அப்பா கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். "இப்ப நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?" என்று வில்லை மாற்றி மாற்றிக் கேட்பவர். அத்தை லிஃப்ட் பழுது பார்ப்பவர். உயரமான கட்டடங்களின் உச்சியில் உட்கார்ந்து கம்பியோடும் கருவியோடும் பேசுபவர். அன்பான தம்பி, அருமையான அக்கா. அந்த அன்பை அடைத்துப் போட்டது எது? ஆஸ்தியா? அந்தஸ்தா? இல்லை ஐயா. ஒரு ஸ்பிரிங்! கார்புரேட்டருக்குள் இருந்த, கட்டைவிரல் நகத்தைவிடச் சின்ன ஸ்பிரிங்!

தாத்தா போன பிறகு, சுத்தம் செய்யலாம் என்று அத்தை அந்தக் கார்புரேட்டரைக் கழற்றினார். ஸ்பிரிங் துள்ளியது, தரையில் விழுந்தது, தேடியவர் கைக்குச் சிக்கவில்லை. வேறொன்று வாங்கிப் போட்டார்கள். வண்டி ஓடியது. ஆனால் பழையபடி ஓடவில்லை.

"அப்பா கை வெச்ச இடத்துல நீ எதுக்குக் கை வெச்ச?" என்றார் அப்பா.

"அந்தக் கையைப் பிடிச்சு நீ மட்டுமா நடந்த?" என்றார் அத்தை.

அவ்வளவுதான். ஸ்பிரிங் தொலைந்தது போல இருவருக்கும் நடுவிலிருந்த பேச்சும் தொலைந்தது.

அங்கே ஒரு பெரியவர், "கதை எப்பம்மா எஞ்சினுக்கு வரும்?" என்கிறார். வருகிறேன் தாத்தா. நம் வண்டிகளும் கேட்டவுடனே கிளம்புவதில்லையே!

ஒரு நாள் நாலு முனைச் சந்திப்பின் நட்டநடுவில் அம்மா ஓட்டிய வண்டி நின்றது. பச்சை விளக்கு எரிந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, அம்மாவின் வயிறும் எரிந்தது. முன்னால் லாரி, பின்னால் பேருந்து, நான்கு பக்கமும் ஹாரன். பெட்ரோல் வாடையோடு வீடு வந்த அம்மா, சாவியை அப்பாவின் மேசையில் வைத்தார். "ஒண்ணு இந்த வண்டி போகணும். இல்ல உங்கக்கா வரணும். எதுன்னு சாயந்தரத்துக்குள்ள சொல்லிடுங்க."

அத்தை வந்தார். பையில் பற்றவைக்கிற சூட்டுக்கோலும் சுருள் கம்பியும் ஒரு பழைய லேப்டாப்பும் கொண்டுவந்தார். கார்புரேட்டர் என்பது காற்று இழுக்கும் இழுப்புக்குப் பெட்ரோலைத் தானாகக் கலந்துவிடும் ஓர் ஏற்பாடு. அதை எடுத்துவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர்களை வைத்தார். வெப்பம் அறிய ஒரு சென்சார், காற்று அறிய ஒரு சென்சார். எல்லாவற்றுக்கும் கட்டளையிட ஒரு பெட்டி. அந்தப் பெட்டியைக் கடையில் வாங்கவில்லை. எங்கள் சமையலறை மேசையில், ஒவ்வொரு உறுப்பாக அத்தையே பற்றவைத்தார். அம்மா ஒரு வாரம் அடுப்பு மேடையிலேயே தட்டு வைத்துப் பரிமாறினார்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது? கட்டம் கட்டமாக எண்கள். எஞ்சின் இந்த வேகத்தில் சுற்றி, இந்தப் பாரத்தை இழுத்தால் இவ்வளவு பெட்ரோல். புது வண்டிகளுக்கு அதைத் தொழிற்சாலை நிரப்பித் தரும். நம் வண்டிக்கு யார் தருவார்? நாமே ஓட்டி, நாமே பார்த்து, நாமே திருத்தி நிரப்ப வேண்டும். அதற்கு ஒருவர் ஓட்ட வேண்டும், ஒருவர் பார்க்க வேண்டும். அப்பா ஓட்டினார். அத்தை லேப்டாப்பைப் பார்த்தார். பேசாத இருவர் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது? பின் இருக்கையில் நான் எதற்கு இருக்கிறேன்?

"உங்கப்பன்கிட்ட சொல்லு, மேட்டுல ஏறும்போது காலை எடுக்க வேணாம்னு."

"அத்தைகிட்ட சொல்லு, முன்னாடி ஒரு நாய் நிக்குதுன்னு."

"நாயை நானும் பாத்தேன்னு சொல்லு."

"பாத்தா சரின்னு சொல்லு."

சிரிக்கிறீர்கள். எனக்குக் கழுத்து வலித்தது ஐயா! வீட்டு வாசலில் எஞ்சினை ஓடவிட்டு, அத்தை ஓர் எண்ணை மாற்றுவார். அப்பா கண்ணை மூடிக் காதைச் சாய்த்து, "இப்ப நல்லாருக்கு. முன்னாடி இருந்ததைவிட நல்லாருக்கு" என்பார். "எஞ்சினுக்குக் கண்ணாடி போட வேணாம்னு உங்கப்பன்கிட்ட சொல்லு" என்பார் அத்தை. "இது லிஃப்ட் இல்ல, பொத்தானை அமுக்கினா வர்றதுக்குன்னு அத்தைகிட்ட சொல்லு" என்பார் அப்பா. இவர் சொன்னதை அவரிடம் சொல்வேன், அவர் சொன்னதை இவரிடம் சொல்வேன். அந்த வண்டியில் எத்தனையோ கம்பிகள் இருந்தன. எல்லாவற்றிலும் நீளமான கம்பி நான்தான்.

ஆனாலும் அவையோரே, அந்த நாட்களைப் போல இனிய நாட்களை நான் அறியேன். ஒரு காலை, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தை குனிந்து ஒரு குழாயைத் தொட்டார். அவர் தோளிலிருந்த துண்டு சரிந்து எஞ்சின் விசிறியின் பக்கம் போனது. "அக்கா!" என்று ஒரு குரல். தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா துண்டை இழுத்து வீசினார். பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்து நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து அத்தை என்னைப் பார்த்து, "உங்கப்பன் கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?" என்றார். அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

வண்டி சூடாக ஓடும்போது எல்லாம் சரியாகிவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்று. குளிர்ந்த எஞ்சினை எழுப்புவது. குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். எவ்வளவு? குறைந்தால் இருமி அடங்கும், கூடினால் தீப்பொறி தரும் பிளக் நனைந்து மூழ்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு நாளுக்கு ஒரே முயற்சிதான் கிடைக்கும். ஏன்? ஒருமுறை கிளம்பிவிட்டால் எஞ்சின் சூடாகிவிடும்; இருமி அடங்கினாலும் உள்ளே பெட்ரோல் தேங்கி அளவு கெட்டுவிடும். இனி அது ஓர் இரவு முழுக்கத் தூங்கி எழ வேண்டும். பணம் கொடுத்து இன்னொரு முயற்சி வாங்க முடியுமா? பதவியைக் காட்டி வாங்க முடியுமா? ஒரு நாளுக்கு ஒரு காலை. ஒரு காலைக்கு ஒரு சாவித் திருப்பல். அவ்வளவே!

அதனால் அத்தை காலைதோறும் வந்தார். வேலைக்குப் போகும் சீருடையிலேயே வந்தார். அம்மா காப்பி கொடுப்பார். அப்பா சாவியைத் திருப்புவார். வண்டி இருமும். அத்தை ஓர் எண்ணை மாற்றுவார். "நாளைக்குப் பாக்கலாம்னு சொல்லு." "சரின்னு சொல்லு." நாளைக்கு! எவ்வளவு அழகான சொல் அது!

ஒரு நாள் அத்தை கிளம்பும்போது என்னை மதில் பக்கம் இழுத்தார். "கண்ணு, எண்ணு சரியா வந்துடுச்சு. நாளைக்குக் கிளம்பிடும். லேப்டாப்பை இங்கயே வெச்சிட்டுப் போறேன். நீ என்ன பண்ற, அந்தக் கட்டத்துல பத்து குறைச்சிடு. உங்கப்பன்கிட்ட சொல்லாத." நான் குறைத்தேன். சாயங்காலம் அப்பா கடையிலிருந்து வந்து, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். "அம்மாடி, இன்னைக்குச் சத்தம் கேட்டேன். நாளைக்குக் கிளம்பிடும்போல. அதுல பத்து ஏத்தி விட்டுடு. அத்தைகிட்ட சொல்லாத." நான் ஏற்றினேன். கணக்கு தெரிந்த தாய்மார்கள் இப்போதே வாயில் கை வைத்துவிட்டார்கள்!

மறுநாள் அப்பா சாவியைத் திருப்பினார். வண்டி பூப்போலக் கிளம்பியது. அப்பா என்னைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தார். ஆசைப்பட்ட வேலை முடிந்த இருவர், துக்க வீட்டு வாசலில் நிற்பது போல நின்றார்கள். அம்மா மட்டும் கை தட்டினார். அத்தை காப்பி குடிக்காமலே போனார். அதன் பிறகு வரவில்லை. லேப்டாப்பை மட்டும் எடுத்துப் போக மறந்துவிட்டார். தன் பையில் ஒரு திருகாணி குறைந்தால்கூடத் திரும்பி வருகிற அத்தை, அதை மறந்துவிட்டார்.

பிறகுதான் நம் தலைவர் வண்டியைப் பார்த்து, வாங்கிக்கொள்கிறேன் என்றார். "அத்தைக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்று அப்பா சொன்னார். நான் போய்ச் சொன்னேன். "உங்கப்பனுக்குச் சம்மதம்னா எனக்கென்ன" என்று அத்தை சொன்னார். நான் வந்து சொன்னேன். இரண்டு தயக்கங்கள் சேர்ந்து ஒரு சம்மதம் ஆகிவிட்டது. தலைவர் போட்ட நிபந்தனை உங்களுக்கெல்லாம் தெரியும். கூட்டம் முடிந்ததும், எல்லோர் முன்னாலும், குளிர்ந்த எஞ்சின் ஒரே திருப்பலில் கிளம்ப வேண்டும். கிளம்பினால் வண்டி அவருடையது. கிளம்பாவிட்டால் பேச்சில்லை. அதற்காகத்தான் நேற்று மாலையே வண்டியை இங்கே கொண்டுவந்து விட்டார்கள்.

நேற்று மாலை இந்த முற்றத்தில், அத்தை என் காதருகே குனிந்தார். "கண்ணு, பத்து குறைச்சிடு. உங்கப்பன்கிட்ட சொல்லாத." வீட்டுக்குப் போனேன். அப்பா கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அம்மாடி, காலைல அங்க போனதும் பத்து ஏத்திடு. அத்தைகிட்ட சொல்லாத."

அவையோரே, பெரியோரே, நான் என்ன செய்வேன்? பெரியவர்கள் சொன்னதைக் கேள் என்கிறீர்கள். அப்பா சொன்னதைக் கேட்டு, அத்தை சொன்னதையும் கேட்டால், பத்து கூடி, பத்து குறைந்து, எண் நின்ற இடத்திலேயே நிற்கும். வண்டி பூப்போலக் கிளம்பும். தலைவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். விற்க மனமில்லாத இருவர், விற்றுவிட்டு ஆளுக்கொரு தெரு வழியாக வீட்டுக்குப் போவார்கள். நான் கீழ்ப்படிந்தால் வண்டி போகும். ஒருவருக்கு மட்டும் கீழ்ப்படிந்தால் இன்னொருவருக்குத் துரோகம். யாருக்கும் கீழ்ப்படியாவிட்டாலும் வண்டி போகும்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணை நான் தொடவில்லை. லேப்டாப் இதோ, என் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. இதை மேசைமேல் வைக்கிறேன். தலைவர் ஐயா, நீங்கள் நல்லவர், வண்டியை நன்றாகவே வைத்துக்கொள்வீர்கள், என்னை மன்னியுங்கள். நான் இனிமேல் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன், தூது போக மாட்டேன். "சொல்லு" என்று சொன்னால் சொல்ல மாட்டேன்!

எண்களைக் கட்டத்தில் நிரப்பிவிடலாம். ஓடிப் பார்த்துத் திருத்திவிடலாம். ஆனால் ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குப் போக வேண்டிய வார்த்தையை எந்தப் பெட்டி பீய்ச்சும்? எந்த சென்சார் அளக்கும்? பழைய எஞ்சினைப் புது மூளை வைத்து எழுப்பிய வீட்டில், பழைய பேச்சை எழுப்ப ஒருவருக்கும் வழி தெரியாதா? அதற்கும் ஒரு நாளுக்கு ஒரே முயற்சிதான் என்றால், இன்றைய முயற்சி இன்னும் மிச்சம் இருக்கிறதே!

அப்பா, இடது பக்கத்துப் படியில் ஏறி வாங்க. அத்தை, வலது பக்கத்துப் படியில் ஏறி வாங்க. லேப்டாப் திறந்திருக்கிறது. அந்தக் கட்டத்தில் கர்சர் துடிக்கிறது. பத்து கூட்டணுமா, பத்து குறைக்கணுமா, ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஒரு எண் சொல்லுங்க. என்கிட்ட வேணாம். அவங்ககிட்ட சொல்லுங்க அப்பா. அன்னைக்கு விசிறி பக்கத்துல கூப்பிட்டீங்களே, அதே மாதிரி தொடங்கினாப் போதும்.

நடுவில் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் கொஞ்சம் வழி விடுங்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு நன்றி. எல்லோருக்கும் வணக்கம். நான் மேடையை விட்டு இறங்குகிறேன்.