சாகசம் பார்க்கப் போன பேருந்து

முன்பொரு விமான சாகசக் காட்சியில், விமானம் தலைகீழாக விழுந்தபோது அதுவும் வித்தை என்று நினைத்து நான் கை தட்டினேன். விமானி இறந்துபோனார்.

நேற்று சூலூர் பேருந்தில், சாகசம் பார்க்கப் போன இருவர் எனக்கு முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள்.

"போன வருசம் வெளியூர்ல விழுந்துச்சே, வீடியோ பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. எத்தனை வருசமா எங்கெங்கயோ விழுகுது! நம்மூர்ல மட்டும் பத்திரமா எறக்கிப்போடறாங்க. அப்பறம் என்னத்தைப் பாக்கறதுங்க?"

அருகில் நின்றிருந்த ஓர் அம்மா குனிந்து, மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க, இன்னைக்கு விமானம் ஓட்டறது என்ற பையனுங்க. உங்களுக்காக ஒருக்கா விழுகச் சொல்லட்டுங்களா?"

இருவரும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

நான் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தேன்.

"நீங்களாச்சும் நல்ல மனுசருங்க" என்றபடி உட்கார்ந்தார்.

இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.