கீழ்மாடிக்கு இறங்காத சொல்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே, மருத்துவர்களே, செவிலியர்களே, துப்புரவுத் தோழர்களே, காவலாளிகளே, கணவரை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கச்சியே! இந்த ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியனின் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும், தங்கச்சியின் கணவர், நம் தலைமை லிஃப்ட் மெக்கானிக், நாம் எல்லோரும் கூப்பிடும் லிஃப்டண்ணன் "நோயோடு போராடி மறைந்தார்" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்!

யார் அவர்? மின்சாரம் போய், பிரசவ வலியோடு ஒரு பெண் இரண்டு மாடிக்கு நடுவே சிக்கியபோது, லிஃப்டைக் கையால் சுற்றி இறக்கியவர். சுற்றிக்கொண்டே கத்தினார்: "பயப்படாதம்மா! மாமா கதவு திறக்கப்போறேன், அதுக்குள்ள அவசரப்படாதேன்னு வயித்துக்குள்ள இருக்கிறவங்ககிட்ட சொல்லு!" வலியிலும் அந்தப் பெண் சிரித்தாள்.

அந்தக் கை ஒருநாள் ஸ்க்ரூவைத் துளையில் வைக்க முடியாமல் தடுமாறியது. குடிக்கிறார் என்றீர்கள். சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள்!

மேல்மாடி நரம்பியல் டாக்டர்தான் பார்க்கின்சன் என்று கண்டுபிடித்தார். கூடப் போனவன் நான். புரியாததைப் புத்தகம் தேடிப் படித்தேன். மூளையின் ஆழத்தில் கருமையான சிறு பகுதி ஒன்று இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமைனைச் சுரக்கின்றன. நாம் நினைத்தபடி உடல் அசைய அது வேண்டும். இந்த நோயில் அந்தச் செல்கள் அழிகின்றன. கை நடுங்குவதற்குள் பெரும்பங்கு போய்விடுகிறது.

லிஃப்டண்ணன் கேட்டார்: "மோட்டார் நல்லா இருக்கு, கயிறு நல்லா இருக்கு. பட்டனை அழுத்தினா சேதி போகலை. அவ்வளவுதானே டாக்டர்?"

போன செல்களை மீட்கும் வைத்தியம் இன்றுவரை இல்லை. ஆனால் லெவோடோபா மாத்திரை மூளைக்குள் போய் டோபமைனாக மாறும். அதன் பலன் சில மணி நேரம்தான். உடற்பயிற்சி உதவும். சிலருக்கு மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு. "எனக்கே வயரிங்கா? அப்ப இந்த அண்ணனையே கூப்பிடுங்க" என்று என்னைக் காட்டினார். டாக்டர் சிரித்தார். பிறகு கண்டிப்பாகச் சொன்னார்: "எது தவறினாலும் மாத்திரை நேரம் மட்டும் தவறவே கூடாது."

மாத்திரை வேலை செய்தது. அவர் நடந்தார், மறுபடி ஏணி ஏறப் பார்த்தார். தங்கச்சிதான் ஏணியை ஒளித்து வைத்தாள்!

பிறகு வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. கீழ்மாடி எலும்பு வார்டில் சேர்த்தோம். சேர்த்ததும் முதல் காரியமாக மாத்திரைப் பெட்டியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார்கள். ஆஸ்பத்திரி விதியாம்!

"நேரமாச்சு சிஸ்டர், அவருக்கு உடம்பு இறுகிடும்" என்று கெஞ்சினாள் தங்கச்சி.

"ரவுண்ட்ஸ் முடியட்டும்மா. எல்லாருக்கும் குடுக்கிறப்ப குடுப்போம்."

எலும்பு வார்டின் பெரிய டாக்டர் வந்தார். "என்னம்மா பதற்றம்? பேஷன்ட் அமைதியாத்தானே இருக்கார்?"

அமைதியா? ஐயா, அது அமைதியா? முகம் இறுகிச் சிரிப்பு நின்றது. குரல் அடங்கிவிட்டது. தொண்டையும் இறுகி, ஊட்டிய கஞ்சி நுரையீரலுக்குள் போனது. காய்ச்சல் வந்தது. ஆள் போனார்.

ஓடி ஓடிக் கால் வீங்கும் நர்ஸ் பிள்ளைகளை நான் திட்டவில்லை. அந்த விதியை எழுதியவர்களைக் கேட்கிறேன். மேல்மாடியில் உங்கள் டாக்டர் சொன்னது கீழ்மாடியில் உங்கள் டாக்டருக்குத் தெரியாதா? அந்த இரண்டு மாடிக்கும் நடுவே லிஃப்டை ஓட வைத்தவர் அவர்! கட்டில் இறங்கியது, சோற்று வண்டி இறங்கியது, பிணமும் இறங்கியது. ஒரே ஒரு சொல் மட்டும் இறங்கவில்லையே!

இனி இந்த நோயோடு யார் இங்கே படுத்தாலும், எங்கள் ஊழியர் சங்கத்தில் ஒருவர் கட்டிலருகே நிற்பார். மாத்திரை வாய்க்குள் போகும்வரை நகர மாட்டோம். திட்டுங்கள், மெமோ கொடுங்கள், நிற்போம்!

அடுத்து மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறீர்கள். தோழர்களே, எழுந்து நில்லுங்கள். ஆனால் மௌனம் வேண்டாம். அவர் மௌனமாகக் கிடந்ததைத்தான் இவர்கள் நலம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல்வர் அவர்களே, அவருடைய மாத்திரைப் பெட்டி இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கிறது. அதைத் தங்கச்சி கையில் கொடுங்கள். பெட்டியைப் பூட்டச் சொன்ன விதியை எடுக்கிறீர்களா, இல்லையா? எல்லோரும் நின்றுகொண்டுதான் இருக்கிறோம். நீங்கள் பதில் சொல்லும்வரை இந்த மைக்கை நான் விடுவதாக இல்லை.