வியாழக்கிழமைக் கொக்குகள்

எனக்கு நீச்சல் தெரியாது. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் மேடம். வியாழக்கிழமை மத்தியானம் நான் நீச்சல் குளத்துக்குப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் பாங் தொக்சு பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் மீன் சந்தைக் குழாயில் தலையை நனைத்துக்கொள்வேன். குளிர்காலத்தில் கொஞ்சம் கஷ்டம்தான்.

நான் போனது குளத்துக்கு அடுத்த கட்டடத்துக்கு. அங்கே லேசர் வெட்டும் இயந்திரம் இருக்கிறது. நேரம் பதிந்துகொண்டால் யாரும் வேலை செய்யலாம்.

எங்கள் தொழில் உங்களுக்குத் தெரியும். சாப்பாட்டுத் தட்டிலும் கிண்ணத்திலும் சிப்பி பதித்து அரக்குப் பூசுகிறோம். சிப்பியை நூல் ரம்பத்தால் கொக்காக அறுப்பது அவர். அதை ஒட்டி, பூச்சுமேல் பூச்சாகப் பூசித் தேய்ப்பது நான். எங்கள் தோங்யோங் ஊரில் அவர் கொக்குக்குத் தனி மரியாதை. "மெஷின் வெட்டும், பறக்க விடாது" என்று பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுவார்.

ஒரு வசந்த காலத்தில் அவர் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். கொக்குகளுக்குக் கழுத்து குட்டையாக இருந்தது. அடுத்த வாரம் இன்னும் குட்டை. மூன்றாவது வாரம் வந்தவை வாத்துகள். நல்ல கொழுத்த வாத்துகள்.

"என்னங்க, ஒரு கண்ணாடி போட்டுப் பாக்கலாமே" என்றேன்.

"என் விரலே பாக்கும்டி. கண்ணாடிய பேப்பர் படிக்கிறவன் போட்டுக்கட்டும்."

இப்படிப்பட்ட மனுஷனிடம் வாத்து என்று எப்படிச் சொல்வது? எங்கள் கல்யாணக் கரண்டிப் பெட்டியில் அவர் பதித்த கொக்கைப் படம் பிடித்து இயந்திரத்துக்குக் கொடுத்தேன். வெட்டியதும் ஓரத்தில் கரி படியும். அதை அரம் வைத்து ராவி, ரம்பப் பல் பட்டது போலச் செய்வேன். அவர் மானத்தைக் காப்பாற்றினேன், அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் போனதும் கொக்கு மட்டும் மொட்டையாகத் தெரிந்தது. கீழே அலைகளை நானே வரைந்து வெட்டினேன். அந்தத் தட்டை வாங்கிப் போனவர்கள் எல்லோரும் அலையைத்தான் புகழ்ந்தார்கள்.

"இந்த அலைய நான் எப்பம்மா அறுத்தேன்?" என்று ஒருநாள் கேட்டார்.

"போன மாசம், காய்ச்சல்ல கெடந்தீங்களே, அப்ப."

"காய்ச்சல்லகூட கை நிக்கல பாத்தியா" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். அவருக்குக் கைவினைக் கலைஞர் பட்டம் கொடுக்கலாமா என்று பார்க்க ஒன்பது தட்டுகளை வரிசையாக வைத்தீர்கள். ஒன்பது கொக்குக்கும் இடது முழங்காலில் ஒரே வெட்டு. "கை பழகிடுச்சு மேடம், ஒரே மாதிரிதான் வரும்" என்று அவர் பெருமையாகச் சொன்னார். நீங்கள் ஒரு கொக்கை மெழுகுத்தாளில் வரைந்து ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பார்த்துவிட்டு, எதிரிலேயே ஒன்று அறுக்கச் சொன்னீர்கள். அறுத்தார். எல்லோரும் குனிந்து பார்த்தோம்.

"வாத்து ரொம்ப அழகா வந்திருக்கு ஐயா" என்றார் உங்கள் உதவியாளர். பாவம், மனசாரத்தான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஜொம்ரே, இது என்னது?"

"கொக்குதாங்க" என்றேன். அந்த ஒரு தடவைதான் என் குரல் நடுங்கியது.

அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "அப்ப நான் அறுத்ததெல்லாம் எங்க?" என்று மட்டும் கேட்டார். அதையும் சொன்னேன். சிப்பியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். இடித்துத் தவிட்டில் கலந்து கோழிகளுக்குப் போட்டேன். பதினோரு வருஷமாக இவர் காலையில் முட்டையைத் தட்டி, "நம்ம கோழி முட்டை ஓடு மாதிரி எங்கயும் கெடையாது" என்பார். இப்போது அவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறார். அங்கே முட்டையைத் தொடுவதில்லையாம்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், இத்தனை வருஷத்தில் அவர் கண்ணை ஒரு டாக்டரும் பார்க்கவில்லையா என்று. பார்த்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இலவச உடல் பரிசோதனை முடிவு தபாலில் வந்தது. இரண்டு கண்ணிலும் புரை, சின்ன ஆபரேஷன்தான், சில நாளில் பார்வை தெளிந்துவிடும் என்று போட்டிருந்தது. அவர் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. என்னைப் படிக்கச் சொன்னார்.

"எல்லாம் நல்லா இருக்காம். உப்பு மட்டும் கொறச்சுக்கணுமாம்" என்று படித்தேன்.

அந்த வாரம் என் அலைகள் பாதி வரைந்தபடி இருந்தன. பார்வை தெளிந்து அவர் இதையெல்லாம் பார்த்தால் மனசு உடைந்துபோவாரே என்றுதான், அவருக்காகத்தான், அந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

உப்பைக் குறைத்ததில் அவருக்கு ரத்த அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.