கடைசியா அழுத்துனவரு

காபி நல்லா இருக்குங்க சார். சக்கரை மட்டும் கொஞ்சம் கூட. பரவாயில்லைங்க, போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தவன் அதுக்கெல்லாம் குறை சொல்லக்கூடாது.

எம்பட பேரு அப்புசாமிங்க. ஆஸ்பத்திரி எம்பட தங்கச்சி ஊட்டுக்காரரோடது. அவரு டாக்டரு, நான் மேனேஜரு. தொண்ணூத்தாறுல ரெண்டு கம்ப்யூட்டர் வந்துச்சு. ஒண்ணு எம்பட ரூம்ல, இன்னொண்ணு முன்னால சாயிரா பானுங்கற பொண்ணுகிட்ட. நடுவுல ஒரு வயரு. நோயாளிக விவரத்தை ரெண்டு பேரும் பார்க்கலாம், எழுதலாம். நல்ல ஏற்பாடுதானுங்க. ஆனா அந்தப் பொண்ணு ஒரு நோயாளி பக்கத்தைத் திறந்து வெச்சிருந்தா, எம்பட திரையில "இன்னொருத்தர் எழுதறாங்க, காத்திருக்கவும்"னு வரும். அது உக்காந்து எழுதுமாம், டாக்டரோட மச்சான் கையக் கட்டிட்டு நிக்கணுமாம். என்ன ஒரு விஞ்ஞானம் பாருங்க.

புரோகிராம் எழுதுன சசிதர் தம்பியக் கூப்புட்டு, எம்பட கம்ப்யூட்டர்ல மட்டும் காத்திருக்கச் சொல்ற அந்தப் பூட்டை எடுத்துப்போடுன்னு மரியாதையாத்தான் சொன்னேன். தம்பி தயங்குச்சு. "வேண்டாமுங்கண்ணா. ரெண்டு பேரும் ஒரே பக்கத்தைத் திறந்து வெச்சிருந்தா, கடைசியா 'சேவ்' பட்டனை அழுத்துனவரு எழுதுனதுதான் நிக்கும். மொதல்ல எழுதுனது அழிஞ்சு போயிருமுங்க."

"பெரியவங்க சொல்லு நிக்கறது நல்லதுதான கண்ணு"ன்னேன். எடுத்துட்டான்.

அவன் சொல்லிக்குடுத்த பாடத்தைச் செஞ்சு பார்த்தேனுங்க. சாயிரா திறக்கற பக்கத்தை நானும் திறந்து வெச்சுக்குவேன். அது எழுதி முடிச்சதும் நான் அழுத்துவேன். எழுதுனது காணாமப் போயிரும். டாக்டர் திட்டுவாரு, அது கண்ணு கலங்கி நிக்கும். "விடுங்க மாப்பிள்ளை, மறதிக்காரப் பொண்ணு"ன்னு நானே பரிஞ்சு பேசுவேன். எனக்கு இளகுன மனசுங்க.

சும்மா சொல்லக்கூடாது, புத்திசாலிப் பொண்ணு, கண்டுபுடிச்சிருச்சு. நர்ஸுக நாலு பேரு நிக்கறப்ப எம்பட ரூமுக்கு வந்து, "நீங்க அழுத்தறதாலதான் அழியுதுங்க சார். தெரியலைன்னா நான் சொல்லித் தர்றேனுங்க"ன்னுச்சு. எனக்குச் சொல்லித் தருமாம். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இது இங்க இருக்கக்கூடாதுன்னு.

போன வாரம் காரமடையில இருந்து காளியாத்தாள்னு ஒரு அம்மா, காலுல சீழ் வெச்ச புண்ணோட வந்து படுத்துச்சு. பென்சிலின் ஊசி ஆகாது, முன்ன ஒருக்கா போட்டு உசுரு போய் வந்துச்சுன்னு மகன் சொல்ல, சாயிரா கம்ப்யூட்டர்ல ஏத்துச்சு. ரூம் நம்பர் எழுத நானும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து வெச்சிருந்தேன். நான் எப்பவும் திறந்து வெச்சிருப்பேன்னு தெரிஞ்ச சாயிரா, உடனே எனக்குப் போன் பண்ணுச்சு.

"ஏனுங்க சார், காளியாத்தாள் பக்கத்தை அழுத்தாம மூடிருங்க. பென்சிலின் ஆகாதுன்னு ஏத்தியிருக்கேன். உசுரு சமாச்சாரமுங்க."

"செரி அம்மணி"ன்னேன். ரூம் நம்பரை எழுதி அழுத்திப்போட்டேன்.

எங்க டாக்டர் கம்ப்யூட்டர்ல இருந்து அச்சடிச்ச தாளைப் பார்த்துத்தான் மருந்து எழுதுவாரு. தாள்ல ஒண்ணுமில்லை, பென்சிலின் எழுதினாரு. ஊசியோட நர்ஸ் எம்பட ரூம் வாசல்லதான் போச்சு. கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னா சாயிரா எப்படிங்க வேலையை விட்டுப் போகும்? கொஞ்ச நேரத்துல அந்தம்மா மூச்சு நின்னு போச்சு. மகன் வராந்தாவுல தலையில அடிச்சுட்டு அழுதான். பாவம், ஒரு டீ வாங்கிக் குடுக்கச் சொன்னேன்.

எல்லாரும் சாயிராவைத்தான் கை காட்டுனாங்க. நானும் பேசாம இருந்திருப்பேன். ஆனா சசிதர் வந்து பார்த்து, அழிச்சது எம்பட கம்ப்யூட்டருன்னு சொல்லிப்போட்டான். மாப்பிள்ளை என்னையக் காப்பாத்தறாராமா, உங்ககிட்ட என்ன சொன்னாரு? "மச்சானுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க, எதையோ தட்டிப்போட்டாரு"ன்னு. இப்ப வாட்ச்மேன்கூட என்னையப் பார்த்து, தெரியாத மனுசன், பாவம்ங்கறான். எனக்காங்க கம்ப்யூட்டர் தெரியாது? இதைக் கேட்டுட்டு ஊட்டுல உக்காந்திருக்க முடியுங்களா? அதுக்குத்தான் நானே வந்தேன்.

எழுதிக்குங்க சார். எதை அழுத்தினா எது அழியும், அழிஞ்சா அந்தம்மா என்ன ஆகும்னு எல்லாம் தெரிஞ்சேதான் அழுத்தினேன். பேருக்கு முன்னால 'திரு' மட்டும் விட்டுறாதீங்க.