மஞ்சள் விளக்கை அணைத்த டிரைவர்

சாத்தூர் நெடுஞ்சாலையில், டயருக்குக் காற்றடிக்கும் கடையில் என் ஸ்கூட்டரோடு வரிசையில் நின்றேன். எரிய வேண்டிய விளக்கே எரியாத வண்டி அது. எனக்கு முன்னால் ஒரு பட்டாசு முதலாளியின் வெளிநாட்டுக் கார். அதன் டிரைவர் பக்கத்தில் நின்ற தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“டயர்ல காத்து கொறைஞ்சா மஞ்ச லைட்டு எரியும். மொதலாளி அவசரப்படுத்துனாகன்னு, ஸ்டியரிங்குக்குக் கீள பட்டனைத் தேடிப் பிடிச்சு அமுக்கிட்டேன். அணைஞ்சிருச்சு. காத்து அடிச்சிட்டுல்ல அமுக்கணும்! இப்ப காரு இந்தக் கொறைஞ்ச காத்தையே சரியான காத்துன்னு நெனைச்சுக்கிட்டு ஓடுது.”

மனைவி சிரித்தார். “நம்ம மொதலாளி ஆலையில நாங்க பட்டாசு செய்ற ரூம் மாதிரி.”

“எப்படி?”

“ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னு செவத்துல எளுதியிருக்கு. சீசன்னு ஆறு பேரை உக்கார வச்சாக. மொத நாள் பயமா இருந்துச்சு. இப்ப ஆறுதான் சரின்னு தோணுது. நேத்து ஏளாவதா ஒருத்தி வந்தா, நானே தள்ளி உக்காந்து எடம் குடுத்தேன்.”

டிரைவரின் முகம் மாறியது. “நாளைக்கு நீ போகாத. மொதலாளிகிட்ட நான் பேசுதேன். இம்புட்டு நாளா ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?”

“ஆறு பேரா உக்கார வச்ச அன்னைக்கே சொன்னேன்ல. அப்பவும் இப்படித்தான் பதறுனீக. அப்புறம் நீங்களும் பளகிட்டீக.”