திட்டெல்லாம் அப்பா பேருக்கு

பின்ன என்ன சார், லேட்டா வர்றது நானு, திட்டு வாங்குறது எங்கப்பாவா? நீங்களே சொல்லுங்க. சும்மா தலையாட்டாதீங்க, வாயத் தொறந்து சொல்லுங்க... சரி விடுங்க, நான் சொல்றேன்.

நமக்கெல்லாம் குடும்பப் பேருன்னு ஏது சார்? இந்த டயர் கிடங்குல வேலைக்குச் சேரும்போது லாஸ்ட் நேம் கேட்டாங்க. வேற என்னத்தச் சொல்ல? அப்பா பேரச் சொன்னேன். அன்னைக்குப் புடிச்சுது சனி! இங்கிலீஷ்ல எழுதுனா லாஸ்ட் நேமத்தான் எழுதணுமாம், அதான் மரியாதையாம். எங்கப்பா பேருக்கு முன்னால ஒரு 'மிஸ்டர்', பின்னால 'இஸ் லேட் அகெய்ன்'. மிஸ்டர் போட்டுட்டா வலிக்காதுன்னு நெனப்பு! போன வாரம் ஒரு மெயிலு, எங்கப்பா பேரப் போட்டு 'வாஸ் ஸ்லீப்பிங் பிஹைண்ட் த டயர்ஸ்'. தூங்குனது நான் சார். தூங்கக்கூட இல்ல, கண்ண மூடி யோசிச்சிட்டிருந்தேன்.

எங்கப்பா யாருன்னு நெனச்சீங்க? ரிடயர் ஆகுற வரைக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்குல ஸ்டோர் கீப்பர். ஒரு நட்டு காணும்னா சாப்பிடக்கூட வீட்டுக்கு வரமாட்டாரு. அவரப் போயி சோம்பேறின்னு... மனசு கேக்கல சார். நெசமாவே கேக்கல.

இந்தக் கூத்தக் கேளுங்க. என் வீட்டுக்காரி வேற ஆபீஸ். அவளுக்கு லாஸ்ட் நேம் என் பேரு. அங்க என் பேரப் போட்டு 'இஸ் ஆல்வேஸ் ஆன் டைம்', 'இஸ் அவர் பெஸ்ட்'னு எழுதுறாங்க! நான் வேலையே பாக்காத எடத்துல எனக்கு அப்படியொரு நல்ல பேரு. அவ படிச்சுக் காட்டுவா, நானும் கூச்சமில்லாம கேட்டுக்குவேன்.

ம்? மேனேஜர் ரூமுக்குள்ள யாரா? எங்கப்பாதான். அதத்தானே சொல்ல வரேன், அவசரப்படுறீங்களே! என் செல்போன டீவி மேல வெச்சுட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா, கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்த மெயிலப் படிக்கிறாரு. "எவன்டா என்னைத் தூங்குறேன்னு சொன்னவன்?" அன்னைக்கு ராத்திரி தட்டத் தொடல. இன்னைக்கு எனக்கு விசாரணை. வேலை இருக்கா போச்சான்னு இன்னைக்குத் தெரிஞ்சுரும். போச்சுன்னா வீட்டுல நான் தலைகாட்ட முடியாது சார், அது வேற விஷயம். இவரு இஸ்திரி போட்ட சட்டையோட வண்டி பின்னால ஏறி உக்காந்துட்டாரு. நியாயம் கேக்கணுமாம்.

இங்கதான் உக்காந்திருந்தோம். மேனேஜரோட செக்ரட்டரி அம்மா கதவத் தொறந்து, 'மிஸ்டர்'னு எங்கப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவரு பேரு, அவரு எழுந்து போயிட்டாரு!

நான் ஏன் தடுக்கணும்? கூப்பிட்டது அவரைத்தானே? மேனேஜர் புதுசு, என் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. எங்கப்பா போடுற சத்தத்துல ஆடிப்போகட்டும்... என்ன, சத்தத்தையே காணும்? சார், சிரிக்கிறாங்க சார்! எங்கப்பா சிரிச்சு நான் பாத்ததே இல்லையே...

வாங்கப்பா. என்ன ஆச்சு? நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டீங்களா?... பையன் அப்படித்தான், எழுப்பி எழுப்பி எனக்கே கை வலிக்குதுன்னு சொன்னீங்களா! ஏம்ப்பா?... கிடங்கக் காட்டச் சொன்னீங்களா... அடுக்குன விதம் தப்புன்னு சொன்னீங்களா... அதுக்கு அவரு?... என்னது, நாளையிலேருந்து என் எடத்துக்கு உங்கள வரச் சொல்லிட்டாரா! பேரு அதேதான், மெயில்ல ஒண்ணும் மாத்த வேண்டாம்னாரா?

சார், நீங்க ஏன் பையத் தூக்கிட்டுக் கெளம்புறீங்க? இருங்க சார், கேளுங்க இந்த அநியாயத்த...

அப்ப நான் என்னப்பா பண்றது?... என்னது? தெனமும் காலையில எட்டு மணிக்கு உங்கள நான் வண்டியில கொண்டாந்து விடணுமா?